பூனைக்கு அரபியில் எத்தனை பெயர்? எம்.எஸ். நோயாளிகளின் அறிதிறன் சோதனைகளும் ஒரு மொழிச் சிக்கலும்

பள்ளிப் பாடநூல் அரபியில் பூனைக்கு 'கித்தா' என்று பெயர். கெய்ரோவின் தெருவுக்கு வந்தால் அதே விலங்கு 'உத்தா' ஆகிவிடுகிறது. பெய்ரூட்டில் 'ப்ஸைனே', பாக்தாதில் 'பஸ்ஸூனா', குவைத்தில் 'கத்வா', துனிஸில் 'கத்தூஸ்', மொராக்கோவில் 'முஷ்'. மருத்துவமனை அறையில் ஒருவரை எதிரே உட்காரவைத்து, பதினாறு சொற்களை நிதானமாக வாசித்துக் காட்டி, அவற்றில் எத்தனை அவர் நினைவில் நிற்கின்றன என்று எண்ணிப் பார்க்கும் ஒரு சோதனையை அரபி பேசுபவருக்கு நடத்த முனைபவர், அந்தப் பட்டியலில் ஒரு பூனை இருந்துவிட்டால் தொடக்கத்திலேயே மாட்டிக்கொள்கிறார். எந்தப் பூனையை வாசிப்பது? பாடநூல் சொல்லை வாசித்தால் எல்லாருக்கும் புரியும்; ஆனால் யாரும் அதை வீட்டில் சொல்வதில்லை. ஊர்ச் சொல்லை வாசித்தால் அந்த ஊரைத் தாண்டியதும் அது விளங்காத ஒலியாகிவிடும்.

எம்.எஸ். எனச் சுருக்கி அழைக்கப்படும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நோயோடு வாழும் அரபி மொழியினரின் நினைவாற்றலையும் சிந்தனை வேகத்தையும் அளக்கும் முயற்சி, இந்தப் பூனையைப் போன்ற நூறு சிறு முடிச்சுகளால் ஆனது. இவற்றை மொழிபெயர்ப்புச் சிக்கல்கள் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. மொழிபெயர்ப்பில் பொருள் மாறாமல் இருந்தால் போதும். சோதனையிலோ பொருளைவிட முக்கியமாகக் கடினத்தன்மை மாறாமல் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எளிதான சொல் அரபியிலும் அதே அளவுக்கு எளிதாக இருந்தால்தான் மதிப்பெண் நோயைப் பற்றிப் பேசும். இல்லாவிட்டால் அது மொழியைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடும்.

தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்றும் குறிக்கப்படும் எம்.எஸ்., உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையான மயலினைத் தாக்கிச் சிதைப்பதால் வருவது. உறை கழன்ற மின்கம்பியைப் போல, செய்தி போகிறது. ஆனால் தாமதமாகவும் தடுமாறியும் போகிறது. உலகெங்கும் ஏறத்தாழ 28 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாக 2020ஆம் ஆண்டின் உலகளாவிய கணக்கெடுப்பு மதிப்பிட்டது. பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள், அதாவது படித்து முடித்து, வேலைக்குச் சேர்ந்து, குடும்பம் தொடங்கும் காலத்தில் இது தலைகாட்டுகிறது. ஆண்களைவிடப் பெண்களே அதிகம் பாதிக்கப்படுகின்றனர். குளிர்நாட்டு நோய் என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட இதன் பரவல், வளைகுடா நாடுகளில் கடந்த சில பத்தாண்டுகளில் தெளிவாகவே கூடியிருக்கிறது.

இந்நோய் நடையையும் பார்வையையும் பாதிப்பது கண்ணுக்குத் தெரியும்; சிந்தனையைப் பாதிப்பது தெரியாது. பாரிஸின் சால்பெத்ரியே மருத்துவமனையில் 1868இல் இந்நோயைத் தனியொரு நோயாக வரையறுத்த ழான் மார்த்தான் ஷார்க்கோ, நோயாளிகளின் நினைவு மங்குவதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் அப்போதே தம் விரிவுரைகளில் குறிப்பிட்டார். ஆனாலும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மருத்துவ உலகம் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்றும் பரவலாகப் பயன்படும் கர்ட்ஸ்கேயின் இயலாமை அளவுகோல் எத்தனை மீட்டர் நடக்க முடிகிறது என்பதற்குத் தரும் எடையைச் சிந்தனைத் திறனுக்குத் தருவதில்லை. ஸ்டீபன் ராவ் குழுவினர் 1991இல் நூறு நோயாளிகளையும் நூறு நலமானவர்களையும் ஒப்பிட்டு, நோயாளிகளில் சுமார் 43 சதவீதத்தினருக்கு அறிதிறன் குறைபாடு இருப்பதாகக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. அறிதிறன் குறைபாட்டில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் தகவலைக் கையாளும் வேகம். அதையடுத்துப் புதியவற்றைக் கற்று நினைவில் வைக்கும் திறன். வங்கியில் கணக்கு பார்க்கும் ஒருவர் நன்றாக நடந்துகொண்டே வேலையை இழப்பது இதனால்தான்.

முழுமையான நரம்பு உளவியல் மதிப்பீடு செய்ய ஒன்றரை மணி நேரம் ஆகும். பயிற்சி பெற்ற உளவியலாளரும் வேண்டும். நாளொன்றுக்கு நாற்பது பேரைப் பார்க்கும் நரம்பியல் பிரிவில் இதற்கு வழியில்லை. எனவே லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியைச் சேர்ந்த டான் லேங்டன், பஃபலோ பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் பெனடிக்ட் முதலானோர் அடங்கிய நிபுணர் குழு, பதினைந்து நிமிடங்களில் முடியக்கூடிய, தாளும் பேனாவும் நிறுத்துக் கடிகாரமும் இருந்தால் போதும் என்ற அளவுக்கு எளிமையான ஒரு தொகுப்பை 2012இல் முன்வைத்தது. பைகாம்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதில் மூன்று சோதனைகள் உள்ளன. முதலாவதில் ஒன்பது குறியீடுகளுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள் தரப்பட்டிருக்கும். குறியீடுகளின் நீண்ட வரிசையைப் பார்த்து அவற்றுக்குரிய எண்களைத் தொண்ணூறு நொடிகளில் எத்தனை சரியாகச் சொல்கிறார் என்று பார்ப்பார்கள். இதை எஸ்.டி.எம்.டி. என்பார்கள். இரண்டாவது, கலிஃபோர்னியா சொற்கற்றல் சோதனையிலிருந்து எடுத்த பகுதி: நான்கு வகைகளைச் சேர்ந்த பதினாறு சொற்கள் ஐந்து முறை வாசிக்கப்படும், ஒவ்வொரு முறையும் நினைவிலுள்ளதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றாவதில் ஆறு வடிவங்கள் கொண்ட ஒரு பக்கத்தைப் பத்து நொடி காட்டி மறைத்துவிட்டு, அதை நினைவிலிருந்து வரையச் சொல்வார்கள். இது மூன்று முறை நடக்கும்.

இதைப் பிற மொழிகளுக்குக் கொண்டுபோவோர் தத்தம் போக்கில் மாற்றிவிடக்கூடாது என்பதற்காக அதே ஆண்டில் ஒரு நெறிமுறையும் வெளியானது. சோதனைப் பொருள்களையும் நடத்துவோருக்கான அறிவுரைகளையும் முறைப்படி மொழியாக்கம் செய்வது, குறைந்தது 65 நலமானவர்களிடம் நடத்தி அந்நாட்டுக்கான ஒப்பீட்டு அளவை உருவாக்குவது, ஒன்று முதல் மூன்று வாரங்களில் மீண்டும் நடத்தி நிலைத்தன்மையைப் பார்ப்பது, நோயாளிகளையும் நலமானவர்களையும் சோதனை பிரித்துக் காட்டுகிறதா என்று சரிபார்ப்பது என அது படிகளை வகுத்தது. செக், இத்தாலிய, ஹங்கேரிய மொழிகளில் வேலை ஓரளவு நேர்வழியில் நடந்தது. ஒரு நாடு, ஒரு மொழி, எழுதுவதும் பேசுவதும் ஏறக்குறைய ஒன்று. அரபியில் இந்த மூன்றுமே பொருந்துவதில்லை.

அரபு லீக்கில் 22 நாடுகள் உள்ளன. ஃபுஸ்ஹா எனப்படும் எழுத்து அரபியைச் செய்தித்தாளிலும் பள்ளியிலும் பள்ளிவாசல் உரையிலும் கேட்கலாம். தாயிடம் சோறு கேட்பதற்கு யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. வீட்டு மொழி ஆம்மிய்யா; மேற்கே மொராக்கோ, அல்ஜீரியா பக்கம் அதைத் தாரிஜா என்பார்கள். மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு என்ற கருத்தை முன்வைத்தபோது எடுத்துக்கொண்ட முதன்மையான சான்றுகளில் ஒன்று அரபி. தமிழ் வாசகருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 'அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று எழுதிவிட்டு 'வந்துட்டிருக்காங்க' என்று பேசும் நமக்கு அந்த இடைவெளி எப்படிப்பட்டது என்று தெரியும். ஆனால் நம்முடையதைவிட அரபியின் இடைவெளி அகலமானது. மொராக்கோவின் தாரிஜாவில் இருவர் வேகமாகப் பேசிக்கொண்டால் ஈராக்கியர் தடுமாறிப்போவார்.

சொற்பட்டியலுக்குத் திரும்புவோம். பட்டியல் வெறும் சொற்குவியல் அன்று. அதில் உள்ள சொற்கள் வகை வகையாகப் பிரியக்கூடியவை என்பதைக் கவனித்து, தலைக்குள் அவற்றை அடுக்கிக்கொள்பவர் அதிகம் நினைவில் வைத்துக்கொள்வார். அந்த அடுக்கும் திறனும் அளக்கப்படும் ஒன்றுதான். எனவே ஒவ்வொரு சொல்லும் அதன் வகைக்குள் அளவாக உட்கார வேண்டும். மிகவும் வெளிப்படையானதாக இருந்தால், கேட்காமலேயே ஊகித்துச் சொல்லிவிடலாம். மிகவும் அரிதானதாக இருந்தால் ஒட்டாது. காய்கறி என்ற வகையை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். (உண்மையான பட்டியலில் என்ன இருக்கிறது என்பதை இங்கே எழுதப்போவதில்லை, சொற்கள் ஊரறிந்துவிட்டால் சோதனை செத்துவிடும்.) வெங்காயம் எங்கும் 'பஸல்', சிக்கல் இல்லை. தக்காளியோ லெபனானிலும் சிரியாவிலும் 'பந்தோரா', எகிப்தில் 'தமாதிம்' அல்லது 'ஊத்தா', மொராக்கோவில் 'மதீஷா'. உருளைக்கிழங்கு ஓரிடத்தில் 'பதாதா', ஓரிடத்தில் 'பதாதிஸ்'. அறைகலனுக்கு வந்தால் மேசை லெபனானில் 'தாவ்லே', எகிப்தில் 'தரபேஸா', வளைகுடாவில் 'மேஸ்'. வாகனங்களில் கார் எழுத்து அரபியில் 'ஸய்யாரா', எகிப்தில் 'அரபிய்யா', துனிசியாவில் 'கர்ஹ்பா'. சுரங்க ரயில் என்ற சொல்லைப் பட்டியலில் வைத்தால், 1987 முதல் மெட்ரோ ஓடும் கெய்ரோவில் அது அன்றாடச் சொல். மெட்ரோவே இல்லாத பெய்ரூட்டில் அது படத்தில் பார்த்த ஒன்று. பொருள் இரண்டு நகரங்களிலும் ஒன்றுதான், ஆனால் நினைவில் அதன் எடை ஒன்றல்ல.

இதற்குத் தீர்வாக ஃபுஸ்ஹாவில் ஒரே பட்டியலை உருவாக்கி எல்லா நாடுகளிலும் வாசித்துவிடலாம் என்று தோன்றும். நிர்வாக நோக்கில் இது கவர்ச்சியான வழி. என் கணிப்பில் நினைவாற்றல் சோதனைக்கு இது தவறான வழியும்கூட. பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு ஃபுஸ்ஹா கைவந்த மொழி. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவருக்கு அது அரைகுறையாகத் தெரிந்த இரண்டாம் மொழி. ஒரே பட்டியல் முதலாமவருக்கு நினைவுச் சோதனையாகவும் இரண்டாமவருக்குக் கல்விச் சோதனையாகவும் ஆகிவிடும். வட்டார வழக்குகளுக்கும் ஃபுஸ்ஹாவுக்கும் பொதுவான சொற்களை மட்டும் பொறுக்கி எடுப்பது நடுவழி. அதிலும் உச்சரிப்பு குறுக்கிடுகிறது: நிலவைக் குறிக்கும் 'கமர்' என்ற சொல்லின் முதல் மெய் கெய்ரோவிலும் பெய்ரூட்டிலும் மறைந்து 'அமர்' ஆகும், வளைகுடாவில் அழுத்தமான க-வாகத் திரும்பும். சோதனை நடத்துபவர் எழுத்துக்கூட்டி வாசித்தால் செய்தி வாசிப்பதுபோல இருக்கும். கேட்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து தானும் இலக்கண சுத்தமாகப் பதில் சொல்ல முயல்வார். நினைவுக்குச் செலவாக வேண்டிய கவனத்தில் ஒரு பங்கு நாகரிகத்துக்குச் செலவாகிவிடும்.

லெபனானில் ஒரு குழு வேறு வழியைத் தேர்ந்தது. ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, அரபிக்கென்றே ஒரு சொல் நினைவுச் சோதனையை அடிப்படையிலிருந்து உருவாக்கி 2020இல் வெளியிட்டது. எகிப்திலோ பைகாம்ஸையே எகிப்தியப் பேச்சு வழக்குக்குக் கொண்டுவந்து, அதன் நம்பகத்தன்மையைச் சோதித்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. இரண்டில் எது சரி என்று கேட்டால் பதில் நோக்கத்தைப் பொறுத்தது. உலக நாடுகளின் தரவுகளோடு ஒப்பிட்டுப் பன்னாட்டு மருந்து ஆய்வுகளில் பயன்படுத்த வேண்டுமானால் பொதுத் தொகுப்பின் தழுவல் உதவும். எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரின் நினைவு குறைகிறதா என்று தெரிய வேண்டுமானால் அவருடைய மொழியிலேயே பிறந்த சோதனைக்கு நான் முன்னுரிமை கொடுப்பேன்.

புதிதாக உருவாக்கும்போது அரபியின் வேர்ச்சொல் அமைப்பும் கவனிக்கப்பட வேண்டியது. க-த-ப என்ற மூன்று மெய்களிலிருந்து 'கிதாப்' (நூல்), 'காதிப்' (எழுதுபவர்), 'மக்தப்' (அலுவலகம், எழுதுமேசை), 'மக்தபா' (நூலகம்) எல்லாம் கிளைக்கின்றன. ஒரே பட்டியலில் ஒரு வேரிலிருந்து இரண்டு சொற்கள் வந்துவிட்டால் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும். மதிப்பெண் பொய்யாகக் கூடும். ஒரு குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்கச் சொல்லும் சோதனை பைகாம்ஸில் இல்லை, விரிவான மதிப்பீடுகளில் உண்டு. அதில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. ஆங்கிலத்தில் எஃப், ஏ, எஸ் என்று கேட்பார்கள். அரபியில் 'மீம்' என்ற எழுத்தைக் கேட்டுவிட்டால் கொட்டோ கொட்டென்று கொட்டும், ஏனென்றால் இடப்பெயர்களையும் செய்பவரைக் குறிக்கும் சொற்களையும் செயப்பட்டதைக் குறிக்கும் சொற்களையும் ஆக்க வேருக்கு முன்னால் 'ம' சேர்ப்பதே அம்மொழியின் வழக்கமான வாய்பாடு. எழுத்தைத் தேர்ந்தெடுப்பதே அங்கே பாதி ஆய்வு. தவிர, சொல்லின் பயன்பாட்டு எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றால், அரபிக்குக் கிடைக்கும் பெரிய சொற்றரவுகள் பெரும்பாலும் செய்தித்தாள் அரபியிலிருந்து திரட்டப்பட்டவை. அவற்றில் அமைச்சரவை அடிக்கடி வரும், கரண்டி வராது.

எண்களுக்கு வருவோம்; எண்ணுக்கு மொழியேது என்ற நம்பிக்கை முதலில் உடைவது இங்கேதான். எஸ்.டி.எம்.டி.யில் பதில்கள் எல்லாம் ஒன்று முதல் ஒன்பது வரையான எண்கள். கை நடுக்கம் உள்ளவர்களுக்காகப் பெரும்பாலும் வாய்மொழியாகவே பதில் வாங்குவார்கள். ஆங்கிலத்தில் இந்த ஒன்பதில் 'செவன்' தவிர எல்லாம் ஓரசை. அரபியில் 'கம்ஸா', 'சித்தா', 'தமான்யா' என்று குறைந்தது ஈரசை. (நம் 'ஒன்று', 'இரண்டு', 'மூன்று' என்பவையும் அப்படித்தான்.) இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆங்கிலம், ஸ்பானிஷ், ஹீப்ரு, அரபி பேசுபவர்களை ஒப்பிட்டு 1986இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருமுறை கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லக்கூடிய எண்களின் சராசரி ஆங்கிலத்தாருக்கு ஏழுக்குச் சற்று மேலும் அரபியருக்கு ஆறுக்குச் சற்றுக் கீழுமாக இருந்தது. சொல்வதற்கு அதிக நேரம் எடுக்கும் சொற்கள் நினைவின் தற்காலிக இடத்தை அதிகம் அடைத்துக்கொள்கின்றன என்பதே விளக்கம். அரபியருக்கு நினைவு குறைவு என்று யாராவது இதிலிருந்து முடிவுகட்டினால், அளவுகோலின் நீளத்தைத் துணியின் குறையாக எழுதிவைத்ததாகும்.

எழுதப்பட்ட எண்ணிலும் இரண்டு உலகங்கள் உண்டு. மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியாவில் நாம் பயன்படுத்தும் அதே 1, 2, 3 வடிவங்கள்தான். எகிப்து முதல் கிழக்கே வளைகுடா வரை வழங்கும் எண் வடிவங்கள் வேறு. அவற்றில் ஏழு ஆங்கில 'வி' எழுத்தைப் போல இருக்கும். எட்டு அதையே தலைகீழாகக் கவிழ்த்தது போல. இரண்டின் கொக்கி ஒருபக்கம் வளையும், ஆறின் கொக்கி அதன் கண்ணாடிப் பிம்பம் போல மறுபக்கம் வளையும். ஐந்து ஒரு வட்டம். ஐரோப்பிய எண்களுக்குப் பழகிய கண்ணுக்கு அது பூஜ்யம். எஸ்.டி.எம்.டி.யின் குறியீடுகளிலேயே இடவலம் மாறிய இணைகள் சில உள்ளன. அவை கொஞ்சம் குழப்ப வேண்டும் என்பதே நோக்கம். குறியீட்டின் குழப்பத்தோடு எண் வடிவத்தின் குழப்பமும் சேர்ந்தால் சோதனை கூடுதலாகக் கடினமாகுமா, அல்லது பிறந்தது முதல் பார்த்துப் பழகியவருக்கு அது ஒரு பொருட்டே இல்லையா என்பதை நலமானவர்களிடம் நடத்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும், மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது.

திசையும் அப்படியே. அரபி வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. சோதனைத் தாளில் எண் ஒன்று இடக்கோடியில் இருக்கும். வரிசையும் இடமிருந்து தொடங்கும். கனடியர், பாலஸ்தீனர், இஸ்ரேலியர் ஆகியோரிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், கனடியர்கள் சிறிய எண்களை மனத்தில் இடப்பக்கம் வைப்பதும், சொல்லையும் எண்ணையும் வலமிருந்து படிக்கும் பாலஸ்தீனர்கள் சிறிய எண்களை வலப்பக்கம் வைப்பதும் தெரிந்தது. அப்படியானால் தாளை அப்படியே புரட்டி அச்சிட்டுவிடலாமே என்றால், புரட்டிய தாள் வேறொரு சோதனை; மூலத்தோடு அது சமமானது என்று தனியே நிறுவ வேண்டும். இந்தச் சோதனைகள் பதிப்பகங்களின் உரிமைக்கு உட்பட்டவை என்பதால் அச்சு வடிவை மாற்ற அனுமதியும் வேண்டும். அதற்கு ஆகும் காலத்தையும் செலவையும் பற்றி ஆய்வறிக்கைகள் அதிகம் பேசுவதில்லை. மாற்றாமலே விட்டுவிட்டு, அந்நாட்டு மக்களிடமே ஒப்பீட்டு அளவை எடுத்தால் திசையால் வரும் தாமதம் எல்லாருக்கும் பொதுவாகிச் சமன்பட்டுவிடும் என்பது நடைமுறை வழி. அது போதும் என்றே எனக்கும் தோன்றுகிறது, ஒரு நிபந்தனையோடு: நாட்டின் மேல்தட்டுப் பள்ளிகளில் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ கணக்குப் படித்தவர்களையும் அரசுப் பள்ளியில் அரபியில் படித்தவர்களையும் ஒரே கூடையில் போடக்கூடாது.

ஏனென்றால் பலரும் எண்ணுவது தாய்மொழியில் அன்று, பள்ளிமொழியில். மூன்று நொடிக்கு ஓர் எண் ஒலிக்க, ஒவ்வொன்றையும் அதற்கு முந்தைய எண்ணோடு கூட்டிச் சொல்லிக்கொண்டே போக வேண்டிய பாசட் என்ற சோதனை எம்.எஸ். ஆய்வுகளில் நெடுங்காலம் கோலோச்சியது. (நலமானவர்களே வெறுக்கும் சோதனை அது, அதன் இடத்தை எஸ்.டி.எம்.டி. பிடித்துக்கொண்டதில் யாருக்கும் வருத்தமில்லை.) பெய்ரூட்டில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த ஒருவருக்கு அதை அரபியில் நடத்தினால், ஒவ்வோர் எண்ணையும் பிரெஞ்சுக்கு மாற்றி, கூட்டி, அரபிக்குத் திருப்ப வேண்டும், மூன்று நொடியில் அது நோயில்லாதவருக்கே பாரம். தொடங்குவதற்கு முன் 'நீங்கள் மனக்கணக்கு எந்த மொழியில் போடுவீர்கள்?' என்ற ஒரு கேள்வி இதைத் தவிர்த்துவிடும்.

மூன்றாவது சோதனையான வடிவங்களை வரைவதில் மொழி இல்லை, ஆகவே அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது பரவலான எண்ணம். அறிவுரைகளை மட்டும் மொழிபெயர்த்தால் போதும் என்பது சரி. ஆனால் பென்சில் பிடித்துக் கட்டங்களும் முக்கோணங்களும் வரைந்து வளர்ந்தவருக்கும் அப்படி வளராதவருக்கும் அந்தப் பக்கம் ஒன்றாகத் தெரியாது. படிப்பின் நிழல் விழாத சோதனை என்று ஒன்று இல்லை.

இவ்வளவும் கடைசியில் வந்து சேரும் இடம் ஒப்பீட்டு அளவு. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எஸ்.டி.எம்.டி.யில் ஒரு பெண் 38 எடுக்கிறார். ஓர் அயல்நாட்டு நலமானவர்களின் சராசரி 55, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 10 என்று வைத்துக்கொண்டால் அவர் சராசரிக்கு 1.7 திட்டவிலக்கம் கீழே. வழக்கமாகக் குறைபாட்டுக்கு எல்லையாகக் கொள்ளப்படும் 1.5ஐத் தாண்டிவிட்டார். அவர் வயதும் படிப்பும் கொண்ட அவர் ஊர்ப் பெண்களின் சராசரி 45 என்றால் அதே 38 வெறும் 0.7 கீழே, கவலைப்பட ஒன்றுமில்லை. முதல் அட்டவணையை நம்பினால் நோய் முற்றுகிறது என்று கருதி வலுவான மருந்துக்கு மாற்றக்கூடும். வேலைக்குத் தகுதியில்லை என்ற குறிப்பும் கோப்பில் ஏறக்கூடும். இதற்கு எதிர்ப்புறமும் உண்டு: நன்கு படித்த ஒருவர் 60லிருந்து 50க்கு இறங்கியிருப்பார், பொது அட்டவணையில் அவர் இன்னும் சாதாரணமானவராகவே தெரிவார். அந்தச் சோதனையில் 4 புள்ளிகள் அல்லது 10 சதவீத வீழ்ச்சியே மருத்துவரீதியில் கவனிக்க வேண்டிய மாற்றம் என்று கொள்ளப்படுவதால், ஊர் அளவு இல்லாத இடத்தில் ஒருவரை அவரோடே ஆண்டுதோறும் ஒப்பிடுவதுதான் இருப்பதில் நேர்மையான வழி. ஆனால் அதே சொற்களை மறுபடி கேட்டால் போன ஆண்டின் நினைவு உதவிக்கு வந்துவிடும். அதனால் ஒரே கடினத்தன்மை கொண்ட மாற்றுப் பட்டியல்கள் தேவை. ஒரு நல்ல பட்டியலுக்கே இவ்வளவு பாடு என்றால் மூன்று பட்டியலுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மறுசோதனையின் நாளும் யோசிக்க வேண்டியது. ரமலான் மாதத்தில் சாப்பாடும் தூக்கமும் நேரம் மாறிவிடும்; முதல் சோதனை நோன்புக்கு முன்னும் இரண்டாவது நோன்பு நாளின் பிற்பகலிலும் அமைந்தால் இறங்கிய புள்ளிகள் நோயுடையவையா, நோன்புடையவையா? அந்த மாதம் ஆண்டுக்குச் சுமார் பதினொரு நாள் முன்னே நகர்வதால், போன ஆண்டு சரியாக இருந்த கால அட்டவணை இந்த ஆண்டு மோதும். வெயிலும் அப்படியே: எம்.எஸ். நோயாளிகளுக்கு உடல் சூடேறினால் பார்வை தற்காலிகமாக மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உட்டாஃப் 1890இலேயே பதிவு செய்திருக்கிறார். ஆகஸ்ட் மாதக் குவைத்தில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நடந்து வந்தவரின் கையில் உடனே குறியீட்டுத் தாளைக் கொடுக்காமல், குளிரூட்டிய அறையில் அரை மணி நேரம் உட்காரவைப்பது எந்த நெறிமுறைத் திருத்தமும் இல்லாமல் செய்யக்கூடியது.

நாடுதோறும் ஒரு பதிப்பு வந்தாலும் தீராத ஓரிடம் உண்டு. 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் லட்சக்கணக்கான சிரியர்கள் ஜெர்மனிக்குப் போனார்கள். பெர்லினில் ஒரு மருத்துவமனையில் அலெப்போவைச் சேர்ந்த எம்.எஸ். நோயாளி ஒருவர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். உளவியலாளர் ஜெர்மன் பட்டியலை வாசிக்க, பக்கத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர், தற்செயலாக மொராக்கோக்காரர், ஒவ்வொரு சொல்லையும் அந்த நிமிடத்தில் தோன்றிய அரபியில் சொல்கிறார். சிலவற்றைத் தாரிஜாவில், சந்தேகம் வந்த இடத்தில் ஃபுஸ்ஹாவில். ஐந்து முறை வாசிக்க வேண்டிய பட்டியலில் மூன்றாவது முறை ஒரு சொல் வேறொன்றாகவும் மாறிவிடுகிறது. நோயாளி திருப்பிச் சொல்லும்போது 'ப்ஸைனே' என்கிறார், அது பட்டியலில் உள்ள பூனைதானா என்று மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்குகிறார், அதற்குள் உளவியலாளரின் பேனா அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. கோப்பில் ஏறுவது ஓர் எண் மட்டுமே. எந்தப் பட்டியல், எந்த வழக்கில் வாசிக்கப்பட்டது, வாசித்தவர் எந்த ஊர், பதில் எந்த மொழியில் வந்தது, எந்த நாட்டு அட்டவணையோடு ஒப்பிடப்பட்டது என்ற ஐந்து விவரங்களையும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவைத்திருந்தால், அடுத்த ஆண்டு அந்தக் கோப்பைத் திறக்கும் மருத்துவர் அதை எவ்வளவு நம்பலாம் என்று தாமே முடிவு செய்துகொள்வார்.